வலக்கைக்கு ஒரு ரீல்

செப்டம்பர் 9, திங்கள்

இன்று காலை என் கை என்னைக் கேட்காமல் திறந்துகொண்டது.

கழிமுகத்தில் வழக்கமான கல்லில் நின்று, தங்கூசி நரம்புத் தூண்டிலை எறிந்து, கும்பிட்டு, நூலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஏழரை மணிக்கு ஒரு கொடுவா மீன் இழுத்தது. மூன்று கிலோவாவது இருக்கும். நான்கு தடவை தண்ணீருக்கு மேலே எழும்பிக் குதித்தது. அடுத்த இழுப்பில் என் விரல்கள் தாமாகவே விரிந்தன. நூல் உள்ளங்கையை அறுத்துக்கொண்டு போய்விட்டது. ரத்தத்துக்கு நான் பயப்படவில்லை. திறந்து கிடந்த கையைப் பார்த்துத்தான் பயந்தேன். அது யாருடைய கையோ போல இருந்தது.

இந்த டைரி மகன் லெஸ்லி கொடுத்தது. "வயசானா மறதி வரும்மா, தினம் ரெண்டு வரி எழுதுங்க" என்று சென்னையிலிருந்து அனுப்பியிருந்தான். எனக்கா மறதி? அஞ்சாம் வகுப்பில் என் சிலேட்டை உடைத்தவள் தொபியாசம்மாள். என் கல்யாணத்தில் கறிக்கு உப்புப் போதாது என்று சொன்னது மூன்று பேர், மூன்று பேரின் பெயரும் சொல்வேன். ஊரில் வழக்கு வந்தால் "அமலோற்பவத்தக் கேளு, அவ சொன்னா கல்வெட்டு" என்பார்கள். எழுதாமலே எல்லாம் இருக்கிறது. ஆனாலும் காகிதம் வீணாகிறதே என்று எழுதுகிறேன்.

மத்தியானம் அவனிடம் போனில் கையைப் பற்றிச் சொன்னது தப்பாய்ப் போயிற்று.

"போதும்மா. கிறிஸ்துமஸுக்கு வந்து ஒங்களக் கூட்டிட்டு வந்திருவேன்."

"எங்கையால மீன் புடிச்சுத் திங்கிற வரைக்கும் இங்கதான் இருப்பேன்னு சொல்லியிருக்கேன்லா?"

"அதான் கை வரமாட்டேங்குன்னு நீங்களே சொல்லுதியளே."

"நீ வரும்போது எங்கையால புடிச்ச கொடுவாயக் கொழம்பு வச்சுத் தாரேன். வைக்கலன்னா பெட்டியோட வாசல்ல நிக்கேன். போதுமா?"

போதும் என்றான். வாயை விட்டுவிட்டேன்.

செப்டம்பர் 11, புதன்

தூத்துக்குடிக்குப் போய்த் தூண்டில் கடையில் ஏறினேன். கடைக்காரர் உவைஸ், காயல்பட்டினத்துப் பிள்ளை, முப்பத்தைந்து வயது இருக்கும். கையால் இழுக்க முடியவில்லை, ரீல் வேண்டும் என்றேன். இரைக்கு உயிர் எறால் பிடிக்கச் சேற்றில் இறங்க முழங்காலும் விடவில்லை, அதனால் பொய்மீன் போட்டுப் பிடிக்கப் போகிறேன் என்றேன்.

முதலில் கம்புக்குக் கீழே தொங்குகிற ரீலைக் காட்டினார். "இதான் லேசு பெரியம்மா. ஆட்காட்டி விரலால நூலக் கொக்கி போட்டுப் புடிச்சு, எறியும்போது விடணும்."

வலக்கையை நீட்டிக் காட்டினேன். ஆட்காட்டி விரலில் ஒரு கணுதான் மிச்சம். உவைஸ் முகம் வெளுத்துப்போயிற்று. "மன்னிக்கணும் பெரியம்மா, பாக்கல."

பிறகு வேறு வகை எடுத்தார். அது கம்புக்கு மேலே உட்காரும். தையல் மிஷினில் இருக்கிற பாபின் மாதிரி ஒரு உருளை. பெருவிரலால் ஒரு பட்டையை அழுத்தினால் உருளை கட்டவிழ்ந்துகொள்ளும். எறியும்போது பெருவிரல் உருளைமேலேயே இருக்க வேண்டும். "இதுல பெருவிரல்தான் பிரேக்கு. ஆனா ஒண்ணு, நீங்க கேக்குற அஞ்சு கிராம் பொய்மீன இதுல எறியிறது பெரிய பாடு. கனமான சக்கரத்த ஈ வந்து தள்ளுன மாதிரி. முதல்ல சுத்தாது. சுத்திட்டா நிக்காது. பொய்மீன் தண்ணியில விழுந்து நின்ன பொறவும் உருளை ஓடும். அப்ப நூல் உள்ளயே சுருண்டு சிக்காயிரும். அதனால லேசான உருளை, ஆழங்குறைஞ்ச உருளை, மெல்லிசு நூல் வேணும்."

லேசாக ஒன்று எடுத்துக் கொடுத்தார். விளையாட்டுச் சாமான் மாதிரி இருந்தது. கனமான ஒன்றை நானே எடுத்தேன். கனமிருந்தால்தானே உழைக்கும்? அடுத்து, கைப்பிடி இடப்பக்கம் இருப்பதா வலப்பக்கம் இருப்பதா என்று கேட்டார். "இடப்பக்கம் நல்லது பெரியம்மா, எறிஞ்ச கை அங்கயே இருக்கும். வலப்பக்கம்னா எறிஞ்சதும் கம்ப இடக்கைக்கு மாத்திட்டு வலக்கையால சுத்தணும்." இடக்கையால் எந்த நல்ல வேலையை நான் செய்திருக்கிறேன்? வலப்பக்கம்தான் என்றேன்.

விரல் எப்படிப் போனது என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேதியோடு சொல்லியிருப்பேன். 1986 நவம்பர் 19, அதுவும் ஒரு புதன்கிழமைதான், மாலை நாலேகால். வாடைக் காற்றில் என் வீட்டுக்காரர் கஸ்பார் வள்ளத்தைக் கழிமுகத்துக்குள் கொண்டுவருகிறார். கரைக்குக் கயிறு எறிகிறார். கரையில் நாங்கள் இரண்டு பெண்கள். நான் முன்னால் நின்று, கயிற்றைப் பனங்கட்டையில் ஒரு சுற்றுச் சுற்றி, ஓடாமல் உள்ளங்கையால் அழுத்திப் பிடித்திருக்கிறேன். பின்னால் கயிற்றின் வால்நுனியைப் பிடித்து நின்றவள் என் நாத்தனார் இஞ்ஞாசி. அலை வள்ளத்தைத் தூக்கியபோது அவள் கயிற்றை விட்டாள். கயிறு ஓடியது. நான் தாவிப் பிடித்தேன். கட்டைக்கும் கயிற்றுக்கும் நடுவில் என் விரல் போயிற்று. வள்ளம் கல்லில் மோதிப் பிளந்தது. கஸ்பார் நீந்திக் கரையேறியது மாதா புண்ணியம்.

கோயில் மண்டபத்தில் ஊர்க்கமிட்டி கூடியபோது அவள் என்ன சொன்னாள் தெரியுமா? வார்த்தை மாறாமல் எழுதுகிறேன். "மதினி கட்டையிலேருந்து கைய எடுத்துக் கும்பிட்டாவ. அப்பத்தான் கயிறு ஓடுச்சு." ஒருத்தி தன் தப்பை மறைக்க இன்னொருத்தியின் செபத்தின் மேலேயே பழி போடுவாளா? "கும்பிடுறது குத்தமாடி? நீயும் வேதக்காரிதான?" என்று கேட்டேன். கமிட்டி அவளைத்தான் குற்றவாளி என்றது.

அடுத்த வீட்டில்தான் இருக்கிறாள். முப்பத்தெட்டு வருஷமாக ஒரு வார்த்தை பேசவில்லை. நாங்கள் இரண்டு பேருமே நன்றாக இருக்கிறோம்.

செப்டம்பர் 15, ஞாயிறு

பூசை முடிந்து ரீலோடு கல்லுக்குப் போனேன். முதல் எறிதல். பொய்மீன் பத்தடி தள்ளி விழுந்தது. உருளைக்குள் பார்த்தேன். பேன் பார்க்காத தலை மாதிரி நூல். பிரித்தெடுக்க ஒன்றரை மணி நேரம்.

செப்டம்பர் 16, திங்கள்

சிக்கு.

செப்டம்பர் 17, செவ்வாய்

பதினொரு தடவை எறிந்தேன். பதினொரு சிக்கு. பன்னிரண்டாவதுக்கு நூல் இல்லை, வெட்டி எறிந்தாயிற்று.

செப்டம்பர் 20, வெள்ளி

நான் வாசலில் உட்கார்ந்து ஊசியால் புது நூலின் சிக்கைக் கிளறிக்கொண்டிருந்தேன். இஞ்ஞாசி தன் வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவள் என்னோடு பேச மாட்டாள், கோழியோடு பேசுவாள்.

"ஏ கோழி, கெழட்டு வயசுல ஒனக்கு எதுக்கு வெளையாட்டுச் சாமான்?"

நானும் என் வாசல் தூணைப் பார்த்துச் சொன்னேன். "சில பேருக்குக் கல்யாணமுமில்ல காட்சியுமில்ல, அடுத்தவ வாசல் முத்தத்துல என்ன நடக்குன்னு பாக்கிறதே வேல."

இன்னொரு வெங்காயத்தை எடுத்து உரித்தாள். பிறகு கோழியிடம் மெதுவாகச் சொன்னாள். "கைய எடுக்காம இருந்தா எந்த நூலும் ஓடாது கோழி. அது அந்தக் காலத்துலயே அப்படித்தான்."

கோழியைக் கல்லால் அடித்தேன். படவில்லை.

செப்டம்பர் 25, புதன்

உவைஸ் கடையில் சண்டை போடலாம் என்று போனேன். அவர் சிரித்துக்கொண்டே கனமான ரீலைத் திருப்பி வாங்கிக்கொண்டார். லேசானதைத் தந்தார், வலப்பக்கக் கைப்பிடிதான். உருளையை மட்டும் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். காய்ந்த கருவாட்டுத் துண்டின் கனம்கூட இல்லை.

பக்கத்தில் ஒரு திருகு இருக்கிறது. பொய்மீனைத் தொங்கவிட்டு, பட்டையை அழுத்தினால் அது மெதுவாக இறங்க வேண்டும், தரையைத் தொட்டதும் உருளை நிற்க வேண்டும். அது வரை திருக வேண்டும். இன்னொரு பக்கம் காந்தத் திருகு, பத்து வரை எண் போட்டது. புதிதாகப் பழகுகிறவர்கள் எட்டில் வைத்து, கை பழகப் பழகக் குறைக்க வேண்டுமாம். "மத்ததெல்லாம் பெருவிரல் பாத்துக்கிடும். பொய்மீன் தண்ணியத் தொடும்போது பெருவிரலும் உருளையத் தொடணும்."

கடைக்குப் பின்னால் காலி மனை. அங்கே எறிந்து பார்த்தேன். இருபது எறிதல். ஒரு சிக்கு இல்லை! கடைசி எறிதல் எதிர்ச்சுவரில் போய் அடித்தது. உவைஸ் கை தட்டினார். "பெரியம்மா, எங்கிட்ட வார எளவட்டங்களுக்கு இந்தப் பெருவிரல் வராது" என்றார். எனக்கு வெட்கமாக இருந்தது. பஸ்ஸில் ரீலை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

செப்டம்பர் 26, வியாழன்

கழியில் எட்டுத் தடவை எறிந்தேன். எட்டும் சிக்கு.

அதே ரீல், அதே நூல், அதே கை. கடையில் நல்ல பிள்ளை, இங்கே வந்தால் பேய். யோசித்துப் பார்த்தேன். கடையில் இல்லாதது, இங்கே இருப்பது என்ன? இஞ்ஞாசியின் கண். அவள் வாசலிலிருந்து பார்த்தால் என் கல் நேராகத் தெரியும்.

செப்டம்பர் 29, ஞாயிறு

ஒரு பர்லாங் தள்ளி, அவள் கண் எட்டாத இடத்தில் போய் எறிந்தேன். சிக்கு. அவள் கண் ஒரு பர்லாங்குக்கு மேலும் பாயும் போல.

அக்டோபர் 2, புதன்

செய்தி கேட்டேன். இஞ்ஞாசிக்கு முழங்கால் போய்விட்டதாம். கல்லறைத் திருநாள் முடிந்ததும், நவம்பர் 3-ஆம் தேதி, தூத்துக்குடியில் கன்னியர்கள் நடத்துகிற முதியோர் இல்லத்துக்குப் போகிறாளாம்.

போகட்டும். முப்பத்தெட்டு வருஷமாகச் சோற்றில் கிடந்த கல். இன்று நிம்மதியாகத் தூங்கலாம்.

கோழி என்ன ஆகும் என்று தெரியவில்லை. அது என் கவலை இல்லை.

அக்டோபர் 7, திங்கள்

நான் போனில் போட்ட சத்தத்தில் உவைஸ் பைக்கை எடுத்துக்கொண்டு நேரிலேயே வந்துவிட்டார். கல்லுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். "எறிங்க பெரியம்மா, நான் பாக்கேன்" என்று செல்போனைத் தூக்கிப் படம் பிடித்தார். நான்கு தடவை எறிந்தேன். நான்கும் சிக்கு.

அவர் படத்தைப் பார்த்தார். மறுபடி பார்த்தார். பிறகு மணலைப் பார்த்தார்.

"என்ன, ரீலு கெட்டதுதான?"

"ரீலு நல்லாத்தான் இருக்கு. பெரியம்மா, நான் சொல்லுறதத் தப்பா எடுத்துக்கக் கூடாது. நான் வேற மார்க்கம், ஒங்க வழக்கத்தப் பத்தி நான் பேசக் கூடாது."

"என்னன்னு சொல்லும்."

"நீங்க கும்பிடுறிய."

எனக்கு வந்த கோபத்தில் கம்பை அவர் மேலே எறிந்திருப்பேன். "கும்பிடல! கும்பிடல! நீரு சொன்ன மாதிரி பெருவிரல வச்சுக்கிட்டுத்தான் நிக்கேன். எனக்குத் தெரியாதா எங்கை எங்க இருக்குன்னு?"

அவர் போனை என் முகத்துக்கு நேராகப் பிடித்தார்.

ஒரு கிழவி கல்லில் நிற்கிறாள். எறிகிறாள். பொய்மீன் பறக்கிறது. அது தண்ணீரைத் தொடப் போகிற நேரம், கிழவி கம்பை இடக்கைக்கு மாற்றுகிறாள். வலக்கை ரீலை விட்டு எழும்புகிறது. நெற்றி, நெஞ்சு, இடத் தோள், வலத் தோள். கடைசியில் பெருவிரலை முத்தமிடுகிறாள். அதற்குள் உருளை தன்பாட்டுக்கு ஓடிச் சிக்காகிவிடுகிறது.

நான்கு தடவையும் அப்படித்தான்.

எங்கள் கரையில் வலையோ நூலோ தண்ணீரைத் தொடும்போது இப்படிச் சிலுவை போட்டுக் கும்பிடுவோம். பால்குடி மறந்த நாளிலிருந்து பழக்கம். கைநூலில் அதனால் ஒரு கெடுதலும் இல்லை. கடைக்குப் பின்னால் காலி மனையில் தண்ணீர் இல்லை. அதனால் கும்பிடவில்லை. அதனால் சிக்கும் இல்லை.

இதெல்லாம் உவைஸ் போன பிறகு யோசித்தேன். அவர் முன்னால், "இன்னொரு தடவ காட்டும்" என்று மட்டும் கேட்டேன். ஏழு தடவை காட்டினார்.

அந்தக் கை எழும்புவதை நான் அறியவில்லை. சத்தியமாக அறியவில்லை.

அக்டோபர் 8, செவ்வாய்

இந்த டைரியின் முதல் பக்கத்தைப் படித்தேன். "எறிந்து, கும்பிட்டு, நூலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்." என் கையெழுத்துத்தான்.

சமைக்கவில்லை.

அக்டோபர் 10, வியாழன்

வலக்கையை ரீலோடு சேர்த்துத் துண்டால் கட்டிக்கொண்டு எறிந்தேன். பொய்மீன் தண்ணீரைத் தொடும் நேரம் துண்டு வெடுக்கென்று இழுபட்டது. உள்ளே கட்டிப்போட்ட நாய் திமிறுகிற மாதிரி. என் கைதான். நான் சும்மா நிற்கிறேன், அது திமிறுகிறது.

அக்டோபர் 12, சனி

உவைஸிடம் கொடுத்து இடப்பக்கக் கைப்பிடி ரீலாக மாற்றிக்கொண்டேன். அதே லேசான உருளை. "முதல்லயே சொன்னேன்லா பெரியம்மா" என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாயிருந்திருக்கும், சண்டை போட்டிருப்பேன்.

அக்டோபர் 14, திங்கள்

இதை எழுதக் கூடாது என்று காலையிலிருந்து வீட்டைக் கழுவினேன். பரண் வரைக்கும் கழுவியாயிற்று. இனிக் கழுவ ஒன்றும் இல்லை.

கடலில் போன வள்ளம் கழிமுகத்து அலையைத் தாண்டும் அந்த நேரத்தில் கரையில் நிற்கிற பெண்கள் எல்லோரும் என்ன செய்வோம்? கும்பிடுவோம்.

பனங்கட்டையில் ஒரு சுற்றுப் போட்ட கயிறு. அதை ஓடாமல் பிடித்திருந்தது எது? பின்னால் நின்ற பெண்ணின் பலம் இல்லை. இருபத்துநாலு வயது, கொக்குக் கால். அவளுக்கு வேலை தளர்ந்த கயிற்றை இழுத்து வாங்குவதுதான். முன்னால் நின்றவளின் உள்ளங்கைதான் பிரேக்கு.

எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. காற்று, கயிற்றின் நாற்றம், கஸ்பார் போட்டிருந்த கோடுபோட்ட பனியன். கயிறு ஓடியது ஞாபகம் இருக்கிறது. நான் தாவிப் பிடித்தது ஞாபகம் இருக்கிறது.

தாவிப் பிடித்தேன் என்றால், அதற்கு முன் என் கை எங்கே இருந்தது?

அக்டோபர் 17, வியாழன்

மழை. நெத்திலி வந்தது. வாங்கவில்லை.

அக்டோபர் 20, ஞாயிறு

ஞாபகத்தை நிறுத்த ஒரு திருகு இருந்தால் தேவலை.

கஸ்பார் சாகும்போது, பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், "இஞ்ஞாசிய விட்டுரு" என்றார். தங்கச்சிப் பாசம் என்று நினைத்தேன். கயிறு ஓடிய அன்று அவர் வள்ளத்தில் நின்று கரையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

1987 தை மாதம் இஞ்ஞாசிக்கு மணப்பாட்டு மாப்பிள்ளை நிச்சயமாகியிருந்தது. பெயர் பர்னபாஸ். கமிட்டி தீர்ப்புக்குப் பத்தாம் நாள் அவன் அம்மா வந்து எங்கள் வீட்டு வாசலில் நின்று சொன்னது: "கயித்த விட்டவ கையப் புடிக்கணும்னு எம்மவனுக்கு என்ன தலையெழுத்து?" இஞ்ஞாசி உள்ளே நின்று கேட்டாள். நான் என் கட்டுப்போட்ட கையோடு அவள் பக்கத்தில் நின்றேன். எனக்கு அன்று மனசு குளிர்ந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும். குளிர்ந்தது.

பிறகு அவளுக்கு ஒரு இடமும் வரவில்லை.

அக்டோபர் 26, சனி

நவம்பர் 3-க்கு இன்னும் எட்டு நாள். சொல்லாமல் இருந்தால் அவள் போய்விடுவாள். யாருக்கும் தெரியாது. கல்வெட்டு கல்வெட்டாகவே இருக்கும்.

அக்டோபர் 27, ஞாயிறு

போனேன்.

அவள் வீட்டுக்குள் முப்பத்தெட்டு வருஷத்துக்குப் பிறகு கால் வைத்தேன். ஒரு தகரப் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் வாசலைப் பார்த்தாள். கோழி அங்கே இல்லை. என்னிடம்தான் பேசியாக வேண்டும்.

"யாரு செத்தது?" என்றாள்.

"யாரும் சாகல. அன்னைக்குக் கைய எடுத்தது நாந்தான். நான் கும்பிட்டிருக்கேன். நீ கயித்த விடல."

புடவையை மடித்து முடித்தாள். "எப்பத் தெரிஞ்சுது?"

"ரெண்டு வாரம் ஆச்சு."

"எனக்கு முப்பத்தெட்டு வருசம் ஆச்சு. இத வந்து எனக்குச் செய்தின்னு சொல்லுதியளாக்கும்." இன்னொரு புடவையை எடுத்தாள். பாதியில் நிறுத்தினாள். "அதென்ன, இப்பத் தெரிஞ்சுதா? அப்பத் தெரியாதா?"

"தெரியாது."

"மதினி, என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க. மண்டபத்துல நீங்க தெரிஞ்சு பொய் சொல்லலியா?"

"மாதா மேல ஆணை. எனக்குத் தெரியாது இஞ்ஞாசி. எங்கை போனது எனக்கே தெரியாது."

அவள் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். வாய் திறந்தபடி இருந்தது. நான் சொல்ல வந்ததுதான் பெரிய அதிர்ச்சி என்று நினைத்துக்கொண்டு போனேன். அவள் முகத்தில் இருந்தது அதைவிடப் பெரிதாக இருந்தது.

"தெரிஞ்சு பொய் சொன்னியன்னு நெனச்சுல்லா இத்தன வருசம் ஒங்களத் திட்டி வஞ்சிருக்கேன். செபமால சொல்லி முடிச்சு, ஒங்க பேரச் சொல்லி வஞ்சுட்டுத்தான் படுப்பேன். ஒருநாள் தவறுனதில்ல. காய்ச்சல்லகூட வஞ்சிருக்கேன். இப்ப வந்து தெரியாதுங்கிய." கையிலிருந்த புடவையைப் பெட்டிக்குள் எறிந்தாள். "இனி நான் யார வைய?"

என்னையே வை என்றேன்.

"அது இனி வராது. போங்க" என்றாள். வாசலைத் தாண்டியபோது பின்னாலிருந்து குரல் வந்தது. "குத்தத்த ஊர் முன்னால சொல்லிட்டு, மன்னிப்ப எங்காதுல மட்டும் சொன்னா ஆச்சா?"

நவம்பர் 2, சனி

கல்லறைத் திருநாள். ஊர் முழுக்கக் கல்லறைத் தோட்டத்தில், கையில் மெழுகுதிரியோடு. பங்குச் சாமியார் கல்லறைகளை மந்திரித்து முடித்து வெளியே போனதும் நான் வாசல் திட்டில் ஏறி நின்றேன். சத்தமாகச் சொன்னேன்: 1986 நவம்பர் 19, கயிற்றை விட்டது இஞ்ஞாசி இல்லை, நான்தான். கமிட்டியில் நான் சொன்னது தப்பு.

அந்தக் கமிட்டியில் இருந்தவர்களில் இன்னும் உயிரோடிருக்கிற ஒரே ஆளான சிலுவை ஐயா என் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார். எண்பத்தேழு வயது.

"எறங்கு தாயி. வயசாச்சுல்லா, ஞாபகம் பெசகத்தான் செய்யும். அன்னைக்கு மண்டபத்துல நீ சொன்னது எனக்கு அச்சு மாதிரி இருக்கு. அதான் உண்மை."

"ஐயா, இப்பச் சொல்லுறதுதான் உண்மை!"

"சரி தாயி, சரி." பக்கத்தில் நின்ற பெண்ணிடம் திரும்பினார். "லெஸ்லிக்கு ஒரு போன் போடும்மா. அம்மாவுக்குத் தடுமாற ஆரம்பிச்சிருச்சுன்னு சொல்லு."

சுற்றிப் பார்த்தேன். எல்லா முகத்திலும் இரக்கம். என் மேல்! என் ஞாபகத்தின் மேல்! ஒரு பொய்யை ஒரே தடவை சொன்னேன், கல்வெட்டு ஆக்கினார்கள். உண்மையைச் சொன்னால் கிழவிக்குத் தடுமாற்றம் என்கிறார்கள்.

அப்போது ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. கஸ்பார் கல்லறைப் பக்கத்தில் நின்று இஞ்ஞாசி சிரித்துக்கொண்டிருந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, மெழுகுதிரி அணைந்தது தெரியாமல் சிரித்தாள்.

"பாத்தியளா மதினி? இந்த ஊர்ல உண்மையச் சொன்னா இதான் கெதி. இத முப்பத்தெட்டு வருசத்துக்கு முன்னாலயே நான் பாத்துட்டேன்."

நவம்பர் 3, ஞாயிறு

வேன் ஒன்பது மணிக்கு வந்தது. தகரப் பெட்டி, ஒரு மாதா சுரூபம், ஒரு குடை, அவ்வளவுதான் அவள் சாமான். போகாதே என்று சொல்ல வாய் வந்தது. எந்த உரிமையில் சொல்வது? கோழியை என் முற்றத்தில் விட்டாள்.

"இதுகிட்டப் பேசிக்கிடுங்க. பதிலு சொல்லாது, அதான் நல்லது."

வேனில் ஏறி, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

"மதினி. மீன் ஏறுன பொறவு கும்பிடுங்க. ஆண்டவர் பொறுப்பாரு. நூலுதான் பொறுக்காது."

நவம்பர் 4, திங்கள்

லெஸ்லி போன் செய்தான். மெதுவாக, குழந்தையிடம் பேசுவது போலப் பேசினான். இன்று என்ன கிழமை என்று கேட்டான். கிழமையைச் சொன்னேன். அவன் ஒன்றாம் வகுப்பில் நிக்கரில் மூத்திரம் போன கிழமையையும் சொன்னேன். அதன் பிறகு சாதாரணமாகப் பேசினான்.

நவம்பர் 6, புதன்

இருபத்தோரு எறிதல். மூன்று சிக்கு. கை திமிறுகிறது. ஆனால் திமிறுவது இப்போது எனக்குத் தெரிகிறது.

நவம்பர் 9, சனி

இரவெல்லாம் மழை பெய்து கழி கலங்கியிருந்தது. ஆறரை மணிக்குக் கல்லில் நின்றேன். காந்தத் திருகு ஐந்தில். எறால் போல ஒரு பொய்மீன், ஐந்து கிராம். எறிந்தேன். அது பறந்து போவதைப் பார்த்தேன். தண்ணீரைத் தொடும் நேரம் வலக்கை முழுக்கக் கூசியது, எழும்பப் பார்த்தது. பெருவிரலை உருளைமேல் வைத்து அழுத்தினேன். உருளை நின்றது. இடக்கையால் சுற்றினேன்.

ஆறாவது எறிதலில் கொடுவா அடித்தது. நூல் ஓடியது, பெருவிரலால் பிடித்தேன், ஓடியது, பிடித்தேன். பெருவிரல் தோல் காய்ந்து எரிந்தது. கை திறக்கவில்லை. மணலில் இழுத்துப் போட்டு, அதன் மேலேயே விழுந்தேன். ஒன்றே முக்கால் கிலோ. அதன் பிறகு எழுந்து உட்கார்ந்து, நிதானமாகக் கும்பிட்டேன்.

லெஸ்லிக்குப் படம் அனுப்பினேன். "சரிம்மா, தோத்துட்டேன்" என்றான்.

குழம்பு வைத்து, தலையையும் நடுத்துண்டையும் மூடிபோட்ட சட்டியில் எடுத்து, தூத்துக்குடி போகிற பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்து இல்லத்துக்கு அனுப்பினேன். கொடுவாத் தலை என்றால் அவள் விடமாட்டாள். 1986-க்கு முன்னால் அது எனக்குத் தெரியும்.

நவம்பர் 13, புதன்

சட்டி திரும்பி வரவில்லை. எங்கள் பக்கம் சட்டியைக் கழுவி வெறுமையாக அனுப்பினால் உறவு முறிந்தது என்று அர்த்தம். உப்போ புளியோ போட்டு அனுப்பினால் சரி என்று அர்த்தம். அவள் வெறுமையாகவும் அனுப்பவில்லை, உப்புப் போட்டும் அனுப்பவில்லை. வைத்துக்கொண்டாள். கோழியிடம் கேட்டேன், அதற்கும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நானே போய்க் கேட்கப் போகிறேன்.